பத்து ரூபாய்க் குஞ்சு

(கரையான்சாவடியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, தவணை, வங்கிக் கடன் இணைப்பு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். பஸ்ஸுக்குப் போகணும், பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும் என்று சிலர் எழுந்து நிற்கிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இது நம் தீர்மான நோட்டில் இதுவரை ஏறாத விஷயம். ஆனால் நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம்.

ஒரு சிறுவன், ஒரு குஞ்சு

2019 ஏப்ரல் மாதம் நடந்தது இது. நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் மிசோரம் என்று ஒரு மாநிலம். அங்கே அய்சால் நகரத்துக்குப் பக்கத்தில் சாய்ராங் என்று ஓர் ஊர். அந்த ஊரில் 6 வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனான். குறுக்கே வந்தது பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு. தெரியாமல் அதன் மேல் ஏற்றிவிட்டான்.

நம்ம பிள்ளையாக இருந்தால் என்ன செய்யும்? பயந்து ஓடி ஒளியும், அல்லது நான் பண்ணலை என்று சொல்லும். இந்தப் பையன் குஞ்சைக் கையில் எடுத்தான். தன்னிடம் இருந்த காசு எல்லாவற்றையும் எடுத்தான். எல்லாம் என்றால் பத்து ரூபாய். ஆஸ்பத்திரிக்குப் போய், "இதைக் காப்பாத்துங்க" என்று கேட்டான்.

ஒரு கையில் பத்து ரூபாய் நோட்டு, இன்னொரு கையில் குஞ்சு. முகமெல்லாம் கலக்கம். அங்கே இருந்தவர்கள் எடுத்த அந்தப் போட்டோ நாடு முழுக்கப் பரவியது. உங்களில் சிலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அவன் படித்த பள்ளிக்கூடம் அவனைக் கூப்பிட்டுப் பாராட்டியது.

ஆனால் குஞ்சு பிழைக்கவில்லை. அது ஏற்கெனவே செத்துவிட்டிருந்தது. அது அவனுக்குப் புரியவில்லை. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவனுக்குப் பெற்றவர்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள்.

நம் தமிழ்நாட்டில் மனுநீதிச் சோழன் கதை தெரியாதவர் இல்லை. மாவட்ட ஆட்சியர் மனு வாங்குகிற நாளுக்கே மனுநீதி நாள் என்றுதான் பேர். தேர்க்காலில் கன்று மாட்டியது; பசு மணியடித்தது; ராஜா நியாயம் வழங்கினார். சாய்ராங்கில் மணியடிக்க யாரும் இல்லை. அந்தக் குஞ்சுக்காக 6 வயசுப் பிள்ளை தானே போய் நின்றது.

இந்த மனசு அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் இந்த மனசோடுதான் வருகிறார்கள். அதை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம்ம ஊரில் அதே பத்து ரூபாய்

ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற திருவிழா, சந்தை, பள்ளிக்கூட வாசல், பஸ் நிற்கிற இடம். இங்கெல்லாம் ஓர் ஆள் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார், பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் ரோஸ், பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கலர் கலராகக் கோழிக்குஞ்சு. பத்து ரூபாய், இருபது ரூபாய். பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. "அம்மா, ஒண்ணே ஒண்ணும்மா" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும்.

வாங்கித் தருகிற தாயைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது, கையில் பத்து ரூபாய் இருக்கிறது, பெத்த மனசு கேட்காது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறோம். இது யார் வீட்டுக் கதை என்று கேட்காதீர்கள்.

முதல் நாள். பிள்ளைக்குச் சோறு தண்ணி வேண்டாம். குஞ்சுக்குப் பேர் வைத்தாயிற்று. ஷூ வாங்கின அட்டைப்பெட்டி வீடாகிவிட்டது. பழைய துணி மெத்தை ஆயிற்று. கைக்குள் பொத்தி வைத்தால் குஞ்சு கண்ணை மூடித் தூங்குகிறது. "என்கிட்ட மட்டும்தான் தூங்குது ஆயா" என்று பாட்டியிடம் போய்ப் பெருமை பேசுகிறது.

இரண்டாம் நாள். ராத்திரி முழுக்கக் கீச் கீச் என்று சத்தம். என்னைக் கூப்பிடுது என்கிறது பிள்ளை. காலையில் குஞ்சு ஓடவில்லை. ஒரு மூலையில் சிறகைத் தொங்கப் போட்டு நிற்கிறது.

மூன்றாம் நாள் அல்லது நாலாம் நாள். பிள்ளை எழுந்து முதல் வேலையாகப் பெட்டியைத் திறக்கிறது. குஞ்சு விறைத்துக் கிடக்கிறது. "அம்மா, இது எழுந்திருக்க மாட்டேங்குது."

நமக்கு அப்போது அடுப்பில் உலை கொதிக்கும், வேலைக்கு நேரமாகும். "சனியன் செத்துப் போச்சா, தூக்கிப் போடு. ஒரு குஞ்சுக்குப் போய் அழுவியா?" என்று வாயில் வந்துவிடும். குஞ்சு குப்பைக்குப் போகும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். அழுகை மட்டும் தொண்டையில் நின்றுவிடும்.

இந்தக் குஞ்சு எங்கிருந்து வருகிறது?

நாமக்கல் பக்கம் முட்டைக் கோழிப் பண்ணைகள் நிறைய இருப்பது நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குச் சத்துணவில் போடுகிற முட்டையும் இப்படிப்பட்ட பண்ணைகளில் இருந்துதான் வருகிறது. இந்தப் பண்ணைகளுக்கு வேண்டிய குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரிக்கிறார்கள். 21 நாளில் குஞ்சு வெளியே வரும். வந்த அன்றே ஆண் எது, பெண் எது என்று பிரிப்பார்கள். ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆண் குஞ்சாக இருக்கும்.

பெட்டை முட்டையிடும், பண்ணைக்குப் போகும். சேவல் முட்டையிடாது. கறிக்கோழி இனம் போல ஆறு வாரத்தில் எடையும் ஏறாது. தீவனம் போட்டு வளர்த்தால் நஷ்டம். அதனால் ஆண் குஞ்சுகளைப் பெரும்பாலும் அன்றைக்கே அழித்துவிடுகிறார்கள். ஒரு பகுதி மலிவு விலைக்கு வெளியே வருகிறது. அதைத்தான் சாயத்தில் முக்கி, காய வைத்து, கலர் குஞ்சு என்று விற்கிறார்கள்.

நம் மனுஷ சாதியில் பெண் குழந்தை வேண்டாம் என்று ஒதுக்கிய காலம் இருந்தது. அதற்காகத்தான் 1992-ல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. பொரிப்பகத்தில் ஆண் வேண்டாம் என்கிறார்கள். லாபம் ஒன்றையே பார்த்தால் ஓர் உயிரை வேண்டாத சரக்கு என்று தள்ளிவிடலாம். அந்த வலி நமக்குத் தெரியாததா?

உலகத்தில் சில இடங்களில் இதை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனி நாட்டில் 2022 ஜனவரி முதல் ஆண் குஞ்சுகளை அழிப்பதற்குச் சட்டப்படி தடை. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கிற கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் பல மாநிலங்களில் குஞ்சுக்குச் சாயம் பூசி விற்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ம் ஆண்டு முதல் இருக்கிறது. தேவையில்லாமல் ஒரு பிராணியை வதைப்பது குற்றம்.

ஏன் மூன்றாம் நாள் சாகிறது?

பொரிகிற நேரத்தில் முட்டையின் மஞ்சள் கருவில் மீதி இருப்பது குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். கட்டுச்சோறு மாதிரி. அது இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அதனால்தான் தீனி இல்லாமலே பெட்டியில் அடைத்து வெளியூருக்குக் கொண்டுவர முடிகிறது. நம் வீட்டுக்கு வரும்போது அந்தக் கட்டுச்சோறு தீர்கிற நேரம். அதுவரை ஓடியாடின குஞ்சு திடீரென்று சோர்ந்து போவதற்கு இது ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் குளிர். குஞ்சின் மேல் இருப்பது வெறும் பஞ்சு, இறகு இல்லை. தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. தாய்க்கோழி இருந்தால் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும். முதல் வாரம் குஞ்சு இருக்கிற இடத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். அதாவது 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி பாரன்ஹீட் குறைத்துக்கொண்டே வரலாம். பங்குனி, சித்திரைப் பகலில் நம் ஊர் வெயிலே போதும். ராத்திரிக்கும் மழைக்காலத்துக்கும் மார்கழிக்கும் போதாது.

ராத்திரி கீச் கீச் என்று கத்தியது என்று சொன்னோமே, அது குளிருது என்கிற கூப்பாடு. பிள்ளை கைக்குள் பொத்தினால் கண்ணை மூடித் தூங்கியதே, அது கைச்சூடு கிடைத்ததால். பிள்ளையின் கைதான் அந்தக் குஞ்சுக்குத் தாய்ச் சிறகாக இருந்திருக்கிறது. கை எடுத்ததும் குளிர் வந்துவிட்டது. இது தெரியாமல்தான் நாம் "சும்மா கையிலேயே வெச்சிருக்காதே" என்று திட்டுகிறோம்.

ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டால்

பாட்டியோ மாமாவோ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். குஞ்சு வந்துவிட்டது. அப்போது செய்ய வேண்டியது:

1. சூடு. பழைய குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்கு மேலே கட்டித் தொங்க விடுங்கள். பண்ணைக் கணக்கு ஒரு குஞ்சுக்கு 2 வாட். ஆனால் ஒன்றிரண்டு குஞ்சு இருந்தாலும் 40 வாட் பல்பு வைத்து உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், இந்தச் சூடு தராது. பல்பு அட்டையிலோ துணியிலோ படக் கூடாது, தீப்பிடிக்கும். குஞ்சு பல்புக்கு அடியில் ஒடுங்கினால் சூடு போதவில்லை. தள்ளி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

2. தண்ணீர். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். கிண்ணத்தில் வைத்தால் குஞ்சு விழுந்து நனைந்துவிடும். நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

3. தீனி. தீவனக் கடையில் குஞ்சுத் தீவனம் என்று கேளுங்கள். உடைத்த கம்பு, மக்காச்சோளமும் கொடுக்கலாம். வெறும் அரிசி நொய் மட்டும் போதாது. நம் ஆயாக்கள் பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு ஈரம் பண்ணிக் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்தால் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிடச் சத்து கிடையாது. நம்ம ஊர்ப் பேரிலேயே கரையான் இருக்கு, மறந்துடாதீங்க!

4. தடுப்பு மருந்து. வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடுவார்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். உங்களிடம் வேறு கோழி இருந்தால் இந்தக் குஞ்சைக் கொஞ்ச நாள் தனியாக வையுங்கள்.

5. கை கழுவுதல். குஞ்சைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற சால்மோனெல்லா கிருமி அதன் உடம்பில் இருக்கலாம். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். முத்தம் கொடுப்பது யாருக்கும் வேண்டாம்.

இத்தனையும் செய்து பிழைத்தால், இறகு முளைக்க முளைக்கச் சாயம் போய்விடும். ரோஸ் குஞ்சு வெள்ளைச் சேவலாக நிற்கும். இதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

செத்துப் போனால் என்ன சொல்வது?

எல்லாம் செய்தும் சில குஞ்சுகள் சாகும். அன்றைக்கு நாம் சொல்கிற வார்த்தை பிள்ளை மனசில் பல வருஷம் இருக்கும்.

பொய் சொல்லாதீர்கள். ஓடிப் போச்சு, தூங்குது, சாமிகிட்ட போயிருக்கு நாளைக்கு வரும் என்றெல்லாம் சொன்னால் பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். "செத்துப் போச்சு கண்ணு. இனிமே வராது. அதுக்கு வலிக்காது, குளிராது" என்று நேராகச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாவு என்றால் என்ன என்று ஒரு தடவையில் புரியாது. திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொல்லுங்கள்.

பழி போடாதீர்கள். "நீ அமுக்கிக் கொன்னுட்டே" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். நான்தான் கொன்னுட்டேன் என்று அது உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும். "நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே. அது ரொம்பச் சின்னக் குஞ்சு, அதுக்கு அம்மா இல்லை, சூடு பத்தலை" என்று சொல்லுங்கள். இது ஆறுதல் வார்த்தை மட்டும் இல்லை, உண்மையும் இதுதான்.

அழ விடுங்கள். ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது என்று சொல்லாதீர்கள். இன்றைக்கு ஒரு குஞ்சுக்கு அழத் தெரிந்த பையன் நாளைக்குப் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்குமுன் ஒரு நிமிஷம் யோசிப்பான் என்பது எங்கள் நம்பிக்கை. குடிச்சிட்டு அடிக்கிற கையைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

குப்பையில் போடாதீர்கள். மண் இருக்கிற இடத்தில் நாய் தோண்டாதபடி ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். பிள்ளையும் ஒரு பிடி மண் போடட்டும். அதன் மேல் ஒரு விதை ஊன்றினால் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றும்.

அடுத்த நாளே இன்னொரு குஞ்சு வாங்கி வந்து அழுகையை நிறுத்தாதீர்கள். உடைந்த பொம்மைக்குப் பதில் பொம்மை வாங்கலாம். உயிருக்குப் பதில் உயிர் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளக் கூடாது.

ஆசையை எப்படி நிறைவேற்றுவது?

பிள்ளைக்குக் குஞ்சு மேல் ஆசை இருப்பது நல்லதுதான். அதற்கு நல்ல வழி நம் கையிலேயே இருக்கிறது. நம் குழுக்களில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பலர். அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு முட்டை வைக்கும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்து முட்டையைப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய் தெரியும். காலண்டரில் 21 நாளை எண்ணி அடிக்கட்டும். ஓட்டைக் கொத்திக்கொண்டு குஞ்சு வருவதைப் பார்த்த பிள்ளைக்கு, அதைச் சாயத்தில் முக்க மனசு வருமா?

அங்கேயும் சாவு உண்டு. கூமுட்டை இருக்கும். காக்காயும் பருந்தும் தூக்கிப் போகும். ஆனால் அங்கே தாய்க்கோழி சிறகை விரித்துச் சண்டைக்குப் போவதையும் பிள்ளை பார்க்கும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொன்று. மரத்திலிருந்து விழுந்த அணில் குட்டி, மைனாக் குஞ்சு என்று பிள்ளைகள் எடுத்து வரும். கூடு தெரிந்தால் திரும்ப அதிலேயே வைத்துவிடுங்கள். மனுஷர் தொட்டால் தாய்ப் பறவை சேர்க்காது என்பது தப்பு. இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வளர்ப்பது எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

ஒன்று, நம் குழு உறுப்பினர்கள் யாரும் கலர் குஞ்சு வாங்குவதில்லை என்று முடிவு செய்யலாம். வாங்க ஆள் இல்லாவிட்டால் சாயத்தில் முக்க ஆள் இருக்காது. விற்கிறவரைத் திட்ட வேண்டாம். அவரும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர். அவர் வீட்டுப் பெண்ணும் எங்காவது ஒரு குழுவில் இருக்கலாம்.

இரண்டு, நம் ஊர்த் திருவிழாவுக்குக் கடை போட இடம் கொடுக்கிறவர்களிடம் கலர் குஞ்சுக்கு இடம் தர வேண்டாம் என்று சொல்லலாம். ஊராட்சியிலும் நகராட்சியிலும் மனு கொடுத்துப் பழகியவர்கள் நாம். இது பெரிய காரியம் இல்லை.

மூன்று, அடை வைத்திருக்கிற உறுப்பினர் வீட்டுக்குக் குஞ்சு பொரிக்கிற நாளில் அந்தத் தெருப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். செலவு எதுவும் இல்லை.

இந்த மூன்றையும் அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரதிநிதிகள் அடுத்த மாதம் வரும்போது எத்தனை குழுக்கள் எழுதின என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.